செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

தலைவர் அவர்களே, சங்கத்து அன்பர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசி அடைமழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய வேலை பாக்குவெட்டிதான். நம் பிழையும் பின்னால் செய்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை விரிவாகவே பதிவுசெய்கிறேன்.

உறுப்பினர் ஒருவரின் பாட்டி வெற்றிலைச் செல்லத்தில் வைத்திருந்த பித்தளைப் பாக்குவெட்டி அது. மேல்கையில் பதித்த இரும்பு அலகு இன்னும் கூராக இருக்கிறது. கீழ்க்கை மட்டும் ஆணிக்கண் (இரு கைகளையும் இணைக்கும் ஆணி நுழையும் துளை) அருகே முறிந்துவிட்டது. அழுத்தம் விழும் இடம், பற்றவைத்தால் நிற்காது. புதிதாக வார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியார் தம் பட்டறையிலேயே இடம் தந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அவருடையதே. உடைந்த துண்டுகளை ஒட்டி, அச்செடுத்து, மெழுகுக் கீழ்க்கை செய்தோம். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி நிழலில் உலர்த்தி, அடுத்த பூச்சுகளுக்கு மணல் கலந்த மண் வைத்துக் கம்பி கட்டினோம். வறட்டி நெருப்பில் மெழுகு உருகி வெளியேறியது. மெழுகு போன அந்த மண்கூடு, அதாவது கரு, சூடாக இருக்கும்போதே பித்தளையை ஊற்றினார்கள். பித்தளை மெழுகைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம் என்பதால், வார்க்கும் வழியோடு சேர்த்து மெழுகை நிறுத்தாலே தேவையான உலோகம் தெரிந்துவிடுகிறது. அதிகம் காய்ச்சினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் வெண்புகையாகப் போகும்; அது நுரையீரலுக்குக் கேடு. அதனால் இளைஞர்களைத் தள்ளியே நிற்கவைத்தோம்.

மண்ணை உடைத்துப் பார்த்தால் வார்ப்பு அழகாகத்தான் இருந்தது. பழைய மேல்கையோடு சேர்த்தபோதுதான் அலகு நுனி கீழ்க்கையைத் தாண்டி நின்றது. 18 செ.மீ. நீளத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. குறைவு. குளிரும்போது பித்தளை நூற்றுக்கு ஒன்றரை வரை சுருங்கும்; மெழுகும் தன் பங்குக்குச் சுருங்கும். முழுக் கருவியையும் வார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. பழைய பாதியோடு பொருத்த வேண்டியிருந்ததால் தெரிந்தது. ஒரு கரு ஒரு வார்ப்புக்குத்தான். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம்.

இரண்டாம் முறை அச்சை விட்டுவிட்டு, அளவெடுத்து, சற்று நீட்டி, கையாலேயே மெழுகைப் பிடித்தோம். ஆணிக்கண்ணை மூடியே வார்த்துப் பிறகு துளையிட்டோம். அந்த இடத்தை உட்புறம் கொஞ்சம் தடிப்பாக்கியதை மூத்த உறுப்பினர் சிலர் ஏற்கவில்லை. மூலத்தை மாற்றக் கூடாது என்பது அவர்கள் கருத்து. மதிக்கிறேன். ஆனால் மறுபடி அதே இடத்தில் முறிகிற ஒன்றைப் பாட்டி வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தை மாதக் கூட்டத்தில் கொட்டைப்பாக்கை வைத்து அழுத்தினோம். ஒரே வெட்டில் இரண்டானது.

பட்டறை தந்த ஸ்தபதியாருக்கும் அரம் பிடித்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி. பழைய கருவிகளை எடைக்குப் போடும் முன் ஒருமுறை சங்கத்தில் காட்டுங்கள், அளவாவது குறித்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு கொத்தனாரின் பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்கும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்