பிதாவுக்கு இன்னொரு முகம் இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். ஒரு வரி இன்னும் காதிலேயே நிற்கிறது. "அண்ணே, இயேசுவை நினைச்சா அழுகை வருது, பிதாவை நினைச்சா பயம்தான் வருது. இயேசு கொஞ்சம் நகர்ந்து நின்னார்னா என் கதை முடிஞ்சுது." விட்டுவிட்டேன் என்று நினைத்த பாவத்திலேயே மறுபடி விழுந்துவிட்டதாகவும், இனிமேல் மன்னிப்புக் கேட்கவே வெட்கமாக இருப்பதாகவும் சொல்லியிருந்தாய். ஈஸ்டர் அன்றைக்குப் பிரசங்கம் முடிந்ததும் திருவிருந்துக்கு நிற்காமல் நீ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதையும் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பொதுவில் எழுத நீ சம்மதித்ததற்கு நன்றி. இதே பயத்தோடு இருக்கிறவர்கள் நம் சபைகளில் நிறைய பேர் உண்டு, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். எட்டு வயதில், ஓய்வுநாள் பள்ளியில் ஒரு கதை சொன்னார்கள். அப்பா பெல்ட்டைக் கழற்றி ஓங்குகிறார், தப்பு செய்த சின்னவன் மூலையில் நடுங்குகிறான், பெரியவன் ஓடிவந்து குறுக்கே விழுந்து அத்தனை அடியையும் வாங்கிக்கொள்கிறான், அப்பாவுக்கு ஆத்திரம் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பெரியவன்தான் இயேசு என்றார்கள். சொன்னவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்கிற பிள்ளை யாரைக் கட்டிக்கொள்ளும், யாரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்? பல வருஷம் என் ஜெபங்கள் எல்லாம் "இயேசப்பா" என்றுதான் ஆரம்பிக்கும். "பிதாவே" என்று சொல்ல வாய் வராது.

அந்தக் கதையில் தப்பு எங்கே இருக்கிறது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. அதில் அப்பாவுக்கு மகன் குறுக்கே வருவது தெரியவே தெரியாது. வேதமோ, மகனை அனுப்பினதே பிதாதான் என்கிறது. யோவான் 3:16 நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால் அதில் முதலில் வருகிறவர் யார் என்று கவனிக்காமலே ஒப்பிக்கிறோம். ரோமர் 5:8-ஐப் பார். நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே "தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை" விளங்கப்பண்ணுகிறார். மரித்தவர் கிறிஸ்து, அதில் வெளிப்பட்டது பிதாவின் அன்பு. இந்த இரண்டையும் பவுல் ஒரே மூச்சில் சொல்கிறார். பிதாவின் மனசை மாற்றுவதற்காக இயேசு வரவில்லை தம்பி, பிதாவின் மனசு அப்படி இருந்ததால்தான் வந்தார்.

உனக்கு வந்திருக்கிற இந்த எண்ணம் புதிதும் அல்ல. கருங்கடல் ஓரத்துச் சினோப்பே பட்டணத்தைச் சேர்ந்த மார்சியோன் என்கிற கப்பல் முதலாளி, பழைய ஏற்பாட்டின் தேவன் நீதியுள்ள கண்டிப்பானவர், இயேசுவின் பிதா வேறொருவர், அன்பே உருவானவர் என்று போதித்தார். பழைய ஏற்பாட்டை மொத்தமாகத் தள்ளிவிட்டு, வெட்டிச் சுருக்கின லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். கி.பி. 144-இல் ரோமச் சபை அவரை விலக்கியது. அவர் கொடுத்திருந்த பெரிய காணிக்கையையும் திருப்பிக் கொடுத்து அனுப்பியது. சபை ஏன் அவ்வளவு கறாராக இருந்தது என்று யோசித்துப் பார். தேவனை இரண்டாகப் பிரித்தால் இரட்சிப்பும் இரண்டாகப் பிளந்துபோகும், அப்புறம் ஒருவரிடமிருந்து தப்பிக்க இன்னொருவரிடம் ஓட வேண்டியதுதான். அதைத்தானே நீயும் செய்துகொண்டிருக்கிறாய்?

சரி, நீதியும் அன்பும் தேவனுக்குள் எப்படிச் சேர்ந்து இருக்கும்? கோபமும் பாசமும் நமக்கு மாறி மாறித்தான் வரும். காலையில் பிள்ளையைக் கொஞ்சின அதே ஆள், கடன் கொடுத்தவன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போன சாயங்காலம், தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதற்காக அதே பிள்ளையைப் போட்டு அடிப்பான். நம்மை வைத்தே தேவனையும் அளக்கிறோம், இன்றைக்கு அவர் எந்த மனநிலையில் இருக்கிறாரோ என்று. சபையின் பழைய போதனை வேறே. 1571-இல் முடிவான ஆங்கிலிக்கச் சபையின் 39 பிரமாணங்களில் முதலாவதே, தேவனுக்கு உடலும் இல்லை, பகுதிகளும் இல்லை என்கிறது. பழங்காலச் சபைப் போதகர் அகஸ்டின் காலத்திலிருந்து சொல்லிவருகிற விஷயம்தான் இது. அவருக்குள் அன்பு ஒரு அறையிலும் நீதி இன்னொரு அறையிலும் இல்லை. அவருடைய நீதி முழுக்க அன்புள்ளது, அன்பு முழுக்கப் பரிசுத்தமானது.

உங்கள் தெருவில் ஒரு விதவை சிறுகச் சிறுகக் கட்டின சீட்டுப் பணத்தை ஒருவன் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று வை. "போகட்டும், பெரிசுபடுத்தாதே" என்கிற தேவன் அவனுக்கு வேண்டுமானால் இனிப்பாக இருப்பார். அந்த அம்மாவை அவர் நேசிக்கிறார் என்று யாராவது சொல்ல முடியுமா? அவளுக்காகக் கோபப்படாத அன்பை அன்பு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதனால் தேவகோபத்தை மழுப்பிச் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு இஷ்டமில்லை. பாவத்தின்மேல் அவருக்குக் கோபம் உண்டு, நீ செய்ததன்மேலும் உண்டு. ஆனால் அந்தக் கோபம் கடன்காரன் வந்துபோன வீட்டு எரிச்சல் மாதிரி அல்ல.

ஓசியா 11:9-ஐ எடுத்துப் படி. இஸ்ரவேல் திரும்பத் திரும்ப விலகிப்போன பிறகு கர்த்தர் சொல்கிறார், என் உக்கிர கோபத்தின்படியே செய்யமாட்டேன், ஏனென்றால் "நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன், நான் உன் நடுவிலுள்ள பரிசுத்தர்." பரிசுத்தர் என்ற வார்த்தையைக் கேட்டாலே உனக்கு அடிவயிறு கலங்குகிறது. இங்கே அவர் அழிக்காமல் விடுவதற்குக் காரணமே தாம் பரிசுத்தர் என்பதுதான். மல்கியா 3:6-உம் அப்படியே, "நான் கர்த்தர், நான் மாறாதவர்", ஆகையால் நீங்கள் நிர்மூலமாகவில்லை என்கிறார். அந்த "ஆகையால்" எவ்வளவு பெரிய வார்த்தை! நீ பயப்படுகிற அந்தக் குணங்களே உன்னைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். யாத்திராகமம் 25-இல் உடன்படிக்கைப் பெட்டிக்குமேல் வைக்கச் சொன்ன கிருபாசனம் ஞாபகம் இருக்கிறதா? பசும்பொன்னால் ஆன மூடி, இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், இரண்டு ஓரத்திலும் கேருபீன்கள் என்கிற சிறகுள்ள தூதர் உருவங்கள். மூடிக்குக் கீழே, பெட்டிக்குள்ளே, பத்துக் கட்டளை எழுதின கற்பலகைகள். வருஷத்தில் ஒரு நாள் பிரதான ஆசாரியன் தூபப் புகைக்குள் தனியாக உள்ளே போய், அந்த மூடியின்மேலும், அதற்கு முன்பாக ஏழு தடவையும் இரத்தத்தைத் தெளிப்பான். மன்னிப்புக் கொடுப்பதற்காகக் கட்டளைப் பலகைகளை யாரும் வெளியே எடுத்துப் போடவில்லை. அவை உள்ளேயே இருந்தன, அவற்றின்மேலேயே இரத்தம் விழுந்தது.

பவுல் ரோமருக்கு எழுதின காலத்தில் எருசலேம் ஆலயத்தில் அந்தப் பெட்டியும் இல்லை, மூடியும் இல்லை. மகா பரிசுத்த ஸ்தலத்தில் ஒன்றுமே இல்லை என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பே அத்துமீறி உள்ளே நுழைந்தபோதும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. வெறும் இருட்டு. அப்படிப்பட்ட காலத்தில் பவுல் ரோமர் 3:25-இல், தேவன் இயேசுவைக் "கிருபாதாரபலியாக" ஏற்படுத்தினார் என்கிறார். அங்கே அவர் போட்டிருக்கிற கிரேக்க வார்த்தை ஹிலாஸ்டீரியோன். எபிரெயர் 9:5-இல் கிருபாசனத்துக்கு வருவதும் அதே வார்த்தைதான். திரைக்குப் பின்னால் புகைக்குள் ஒரே ஒரு ஆள் பார்த்தது, பட்டணத்துக்கு வெளியே, வழியே போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, ஒரு மரத்தின்மேல் வைக்கப்பட்டது. வைத்தவர் பிதா. அடுத்த வசனம் சொல்லும் காரணத்தையும் விட்டுவிடாதே: அவர் நீதியுள்ளவரும், இயேசுவில் விசுவாசமாயிருக்கிறவனை நீதிமானாக்குகிறவருமாய் விளங்கும்படி. நீதியைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை தம்பி, நீதியோடேயே சேர்த்துக்கொண்டார்.

சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லூத்தருக்கும் இது லேசில் புரியவில்லை. இறப்பதற்கு முந்தின வருஷம், 1545-இல், தன் லத்தீன் எழுத்துகளின் தொகுப்புக்கு எழுதின முன்னுரையில், "தேவநீதி" என்ற சொல்லையே தான் வெறுத்ததாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ரோமர் 1:17-ஐ இராப்பகலாகப் புரட்டிப் புரட்டித்தான், அது விசுவாசிக்கிறவனுக்குத் தேவன் கொடுக்கிற நீதி என்று புரிந்து, அவருக்குக் கதவு திறந்தது.

இனி உன் ராத்திரிகளுக்கான வசனம். 1 யோவான் 1:9. நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், அவற்றை மன்னித்துச் சுத்திகரிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." இரக்கமுள்ளவர் என்று இங்கே போட்டிருந்தால் நமக்கு இயல்பாகத்தான் இருந்திருக்கும். யோவான் நீதியுள்ளவர் என்கிறார். கிறிஸ்து தீர்த்துவிட்ட ஒன்றுக்காக உன்னிடம் மறுபடி வசூலிப்பது அநியாயம், அந்த அநியாயத்தைப் பிதா செய்யமாட்டார். இந்த முறை அவர் என்ன மனநிலையில் இருக்கிறாரோ என்ற கேள்விக்கே இடமில்லை. இதே பாவத்தோடு நீ எத்தனையாவது தடவை வந்தாலும் வாசலில் நிற்கிறது அதே நீதிதான். அப்படியானால் இஷ்டத்துக்குப் பாவம் செய்யலாமே என்று யாராவது கேட்டால், பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம் என்று கேட்கிற ரோமர் 6-ஐக் காட்டு. நீ அந்த ரகம் இல்லை, விழுந்ததற்காக அழுகிறவன் நீ.

ஒன்று பாக்கி இருக்கிறது. பெரிய வெள்ளியன்றைக்கு, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்குப் பிரசங்கித்தவர், பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொன்னதுதான் உன்னை அடித்துப்போட்டது என்றாய். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்தக் கதறல் நிஜம், அந்த இருள் நிஜம், அதன் ஆழத்தை அளந்து சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் அதே சங்கீதத்தில் 24-ஆம் வசனம் வரை போ. உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாயெண்ணவில்லை, "தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலும்", அவன் கூப்பிட்டபோது கேட்டருளினார் என்று இருக்கிறது. சிலுவையில் முதல் வார்த்தையும் "பிதாவே", கடைசி வார்த்தையும் "பிதாவே". கைவிடப்பட்டேன் என்று கதறினவர் அதே கைகளில்தான் தம் ஆவியை ஒப்புவித்தார்.

1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தில் திருவிருந்துக்கு முன், எல்லாரும் பாவ அறிக்கை சொல்லி முடித்ததும், ஆறுதலுக்காக நான்கு வசனங்களை வாசிப்பார்கள். நாலாவது வசனம்: ஒருவன் பாவஞ்செய்வானானால் "நீதிபரராயிருக்கிற இயேசுகிறிஸ்து" நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவராயிருக்கிறார். விழுந்தவனுக்கென்றே அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து இருக்கிறது. இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருப்பேன். ஜன்னல் ஓரத்து இடத்தில் என் வேதாகமத்தை வைத்து உனக்காகப் பிடித்து வைக்கிறேன். பிரசங்கம் முடிந்ததும் எழுந்திருக்காதே.

உன் அண்ணன்