வங்கியாளர்களின் வீட்டு வாழ்க்கையும் பதிவாக வேண்டும்

ஆசிரியருக்கு,

2024 மே 18 அன்று சென்னையில் 88 வயதில் காலமான வங்கியாளர் என். வாகுல் பற்றித் தங்கள் இதழில் வெளியான நினைவுக் கட்டுரையைப் படித்தேன். 44 வயதில் பாங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானதும், 1985 முதல் ஐசிஐசிஐ நிறுவனத்தை வழிநடத்தியதும், 1987-இல் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான கிரிசில் உருவாகக் காரணமாக இருந்ததும் அதில் நன்றாகவே சொல்லப்பட்டுள்ளன. ஆனால், இத்தகைய நினைவுக் கட்டுரைகள் பதவிகளோடு நின்றுவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. ஒரு வங்கியாளரின் நெடிய வாழ்வில் பாதி அவர் வீட்டில்தான் இருக்கிறது.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையான பின் கிராமங்களில் திறக்கப்பட்ட கிளைகளில் பணியாற்றிய என் தந்தை, கடந்த ஆண்டு 91 வயதில் மறைந்தார். எங்கள் படிப்பு கெடக்கூடாது என்பதற்காகக் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, இடமாற்றம் ஆன ஊர்களிலெல்லாம் தனியாகத் தங்கிய அவர், வாரந்தோறும் எழுதும் இன்லேண்டு கடிதத்தின் மடிப்பு ஓரத்தில் எனக்கென்று இரண்டு வட்டிக் கணக்குகளை எழுதி அனுப்புவார். விடையைப் பதில் கடிதத்தில் எதிர்பார்ப்பார். அந்தத் தலைமுறையினர் பலர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் இத்தகைய நினைவுகளைக் கேட்டுப் பெற்று, ஆண்டுதோறும் ஜூலை 19 அன்று தங்கள் இதழ் ஒரு பக்கமேனும் வெளியிட வேண்டுகிறேன்.