பிளஸ் 1 இயற்பியல் நூலை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிந்த கையோடு பாடநூல்களை எடைக்குப் போடுவது பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமும் வழக்கம்தான். பிளஸ் 1 இயற்பியல் நூல் ஓராண்டு முன்னதாகவே போய்விடுகிறது. துணைத்தேர்வுக்கோ நீட்டுக்கோ டியூஷன் இல்லாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

பிளஸ் 2 முதல் பாடமான நிலை மின்னியல், விசைகளை வெக்டராகக் கூட்டச் சொல்கிறது. கூட்டும் முறை இருப்பதோ பிளஸ் 1 இயக்கவியல் பாடத்தில். மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த அலைவு, சுருள்வில்லில் கட்டிய நிறையின் அலைவைப் போன்றதே. அலைவுகள் பாடம் தெரியாதவருக்கு அது வெறும் மனப்பாடம். ஆகவே பரிமாணம், வெக்டர், அலைவுகள், அலைகள் ஆகிய நான்கையும் முதலில் முடித்துவிட்டு பிளஸ் 2 நூலைத் திறப்பது நல்லது. நீட் எழுதுவோருக்கு இரண்டு ஆண்டுப் பாடமும் முழுதாக வேண்டும்.

பிளஸ் 2 இயற்பியல் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டாய வினா உண்டு. பெரும்பாலும் அது கணக்கு. கைடில் தீர்வைப் படித்து 'புரிந்தது' என்று பக்கத்தைப் புரட்டுவோர் சறுக்குவது இங்கேதான். தீர்வை மூடிவிட்டுத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை, எனவே 1.6 ஆல் வகுப்பதுகூடக் கைப்பழக்கமாக வேண்டும்.

ஒளியியலில் பிளஸ், மைனஸ் குறிதான் ஆளைக் கவிழ்க்கும். குவியத் தொலைவு 20 செ.மீ. உள்ள குவிலென்சுக்கு 30 செ.மீ. முன்னால் பொருள் இருந்தால், பொருளின் தொலைவு −30. 1/20 − 1/30 = 1/60; பிம்பம் 60 செ.மீ. தொலைவில். மைனஸை மறந்தால் 12 வரும். குவியத்துக்கு வெளியே உள்ள பொருளின் பிம்பம் குவியத் தொலைவைவிட அருகில் விழவே விழாது என்பது நினைவிருந்தால், பிழை அந்த நொடியே தெரிந்துவிடும். விடையை இப்படிச் சோதிக்கும் பழக்கத்தைப் பல கைடுகள் சொல்லித் தருவதே இல்லை.

செய்முறைக்கு ஒன்று. கடலோரப் பள்ளிகளில், மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றின் பித்தளை முனைகளில் உப்புக்காற்றால் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்க்காமல் இணைத்தால் சமன்செய் புள்ளி ஓரிடத்தில் நிற்காது. கம்பியின் தன்மின்தடை எண் காணும்போது, திருகு அளவி காட்டும் விட்டத்தை ஆரம் என்று எடுத்தால் விடை 4 மடங்காகிவிடும். சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கும் சோதனை வீட்டில் சரியாக வரவில்லையென்றால் பாடத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஈரக்காற்றில் மின்னூட்டம் கசிந்துவிடுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் துணைத்தேர்வுக்கான படிப்பும் நடக்கிறது. அதற்குள் கடலோர ஊர்ப்புற நூலகங்களில் பிளஸ் 1, பிளஸ் 2 இயற்பியல் நூல்களின் இரு தொகுதிகளையும் சில படிகள் வைக்க மாவட்ட நூலகத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தேர்வு முடித்த மாணவர்களிடமிருந்தே அவற்றைப் பெறலாம், செலவும் இல்லை.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
இராமேசுவரம் வட்டாரம்