ஓஎல்இடி டிவி: முதலில் ஜன்னலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓஎல்இடி வகை டிவிகளான எல்ஜி ஜி4, சோனி ஏ95எல் இரண்டையும் ஒப்பிட்டு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். இதே இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம் அல்லாடியவன் நான். கட்டுரையில் நிறைய உழைப்பு தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் எது அதிக நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தருகிறது என்ற ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டீர்கள். அந்த எண்ணை நம்பி ஒருவர் டிவியை வாங்கி வந்து, பெரிய ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உச்ச வெளிச்சத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். திரையின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டத்தை மட்டும் காட்டி, அதை அளப்பார்கள். வழக்கமாகத் திரைப் பரப்பில் 10 சதவீதம், விளம்பரத்துக்கு என்றால் அதைவிடவும் சிறிய கட்டம். முழுத் திரையும் வெள்ளையாக இருந்தால், பனிமலைக் காட்சி ஓடினால், எந்த ஓஎல்இடியும் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அப்போது விளம்பரத்தில் சொன்ன எண்ணில் ஒரு சிறு பங்குதான் கண்ணுக்கு வரும். சாதாரணப் படங்களுக்கு ஸ்டூடியோவில் வைக்கிற அளவே 100 நிட்ஸ். எச்டிஆர் படங்களில், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைவெளி அதிகமாக வைத்துச் செய்கிற படங்களில், பெரும்பாலானவற்றை 1000 நிட்ஸை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். அந்தச் சின்னக் கட்டத்தில் இந்த இரண்டு டிவியுமே 1000-ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் யார் முந்துகிறார் என்பது வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது பெரிதாக உறைக்காது, ஏனென்றால் நிட்ஸ் இரண்டு மடங்கானால் நம் கண்ணுக்கும் இரண்டு மடங்காகத் தெரியும் என்று கிடையாது.

இரண்டுக்கும் நிஜமான வித்தியாசம் பேனலில் இருக்கிறது. எல்ஜியில் எல்லாப் புள்ளிகளும் வெள்ளை ஒளியைத்தான் தருகின்றன, அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன, வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக வடிகட்டி இல்லாத வெள்ளைப் புள்ளி ஒன்றும் கூடவே உண்டு. ஜி4-ல் ஒளி வீணாகாமல் வெளியே வரக் கண்ணுக்குத் தெரியாத குட்டி லென்ஸ்களை அடுக்கியிருக்கிறார்கள். சோனி ஏ95எல்-லில் இருப்பது சாம்சங் டிஸ்ப்ளே செய்கிற கியூடி-ஓஎல்இடி பேனல். அதில் ஒளி நீலமாகப் பிறக்கிறது, குவாண்டம் டாட் என்ற நுண்துகள்களின் அடுக்கு அதிலிருந்து சிவப்பையும் பச்சையையும் உண்டாக்குகிறது. வெள்ளைப் புள்ளி கிடையாது. 2022-ல்தான் இந்த வகை டிவிகள் விற்பனைக்கு வந்தன.

இதனால் என்ன என்று கேட்கலாம். என் தம்பி வீட்டில் ஏ95எல் இருக்கிறது. ஒருநாள் இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு படம் பார்த்தோம். மழை பெய்த இருட்டுச் சந்து, ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்குப் பலகை, அதன் ஒளி ஈரச் சுவரில் வழிகிறது. பலகையின் நடுப்பகுதி, அதாவது வெளிச்சம் மிக அதிகமாக இருக்கிற இடம்கூட, அப்படியே ரத்தச் சிவப்பாக நின்றது. அதே காட்சியை ஜி4-ல் பார்த்தபோது நடுப்பகுதி கொஞ்சம் வெளிறி ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. அந்த வெள்ளைப் புள்ளி செய்கிற வேலை அது. அப்புறம், கறுப்பிலிருந்து மெல்ல மேலே வருகிற நிழல்கள். ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிற அறையில், மூலையில் நிற்பவரின் சட்டை மடிப்புகள் சோனியில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, புள்ளிபுள்ளியாக நடுங்கவில்லை. இருட்டு அறையில் எனக்கு ஏ95எல்தான் ஒரு படி மேல், அதில் சந்தேகமே இல்லை.

அதே டிவியை அதே வீட்டில் மதியம் இரண்டு மணிக்கும் பார்த்தேன். திரைச்சீலை திறந்திருந்தது. திரையில் ஒரு பெண்ணின் கருங்கூந்தல் சாம்பல் பூத்தது போல இருந்தது, படத்துக்கு மேலும் கீழும் வருகிற கறுப்புப் பட்டைகளில் லேசான ஊதாச் சாயல். டிவியில் கோளாறு எதுவும் இல்லை. எல்ஜி பேனலின் முன்னால் போலரைசர் என்ற ஒரு படலம் உண்டு, வெளியிலிருந்து உள்ளே போகும் ஒளியை அது விழுங்கிவிடும். கியூடி-ஓஎல்இடியில் அந்தப் படலம் இல்லை. அதனால் அறை வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வந்து கறுப்பைக் கெடுக்கிறது. ஓஎல்இடியின் பெருமையே கறுப்புதானே, புள்ளி அணைந்தால் முழு இருட்டு என்பதற்காகத்தானே இத்தனை செலவு செய்கிறோம்? அந்தக் கறுப்பு மதியத்தில் காணாமல் போகும் என்பதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

இதை யாரும் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு டிவியையும் அணைக்கச் சொல்லுங்கள். கைபேசியின் டார்ச்சைச் சற்றுத் தள்ளி நின்று இரண்டின் மேலும் அடியுங்கள். ஒன்று கறுப்பாகவே இருக்கும், இன்னொன்று சாம்பல் கலந்த ஊதாவாக மாறும். நான் இப்படிச் செய்தபோது பக்கத்தில் நின்றிருந்த இருவர் தாங்களும் குனிந்து பார்த்தார்கள். அரை நிமிட வேலை, எந்த அட்டவணையும் இதைக் காட்டாது.

என் வீட்டில் கூடத்து டிவி பகலெல்லாம் ஓடும். அம்மாவுக்கு ஜன்னலை மூடினால் மூச்சு முட்டும். ஆகவே நான் ஜி4 வாங்கினேன். தம்பிக்குத் தனி அறை, தடித்த திரைச்சீலை, இரவு பத்துக்கு மேல்தான் படம், அவன் சோனி வாங்கியதும் சரிதான். நாங்கள் இருவரும் டிவிகளை மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே புலம்பிக்கொண்டிருப்போம்.

சாம்சங்கின் ஓஎல்இடியான எஸ்95டி-யையும் சிலர் கேட்பார்கள். அதன் திரை பளபளப்பில்லாத மேட் வகை, எதிரே இருக்கும் விளக்கு கண்ணாடி போல அப்படியே தெரியாது, ஆனால் வெளிச்சம் திரை முழுக்கப் பரவிக் கறுப்பு கொஞ்சம் வெளிறத்தான் செய்யும். அதோடு எச்டிஆர் படங்களுக்கு டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என இரண்டு போட்டி வடிவங்கள் உண்டு; சாம்சங்கில் டால்பி விஷன் இல்லை, எச்டிஆர்10 பிளஸ்தான். சோனியும் எல்ஜியும் நேர் எதிர், டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10 பிளஸ் இல்லை.

அசைவைப் பற்றியும் கட்டுரை வாயே திறக்கவில்லை. சினிமா விநாடிக்கு 24 படம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42 மில்லி விநாடி திரையில் நிற்கிறது. எல்சிடியில் ஒரு படம் அடுத்ததோடு கொஞ்சம் குழைந்து போகும், அது ஒருவகையில் உதவி. ஓஎல்இடி புள்ளிகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மாறிவிடுவதால் கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் கட்டடங்கள் தத்தித் தத்திப் போவது போலிருக்கும். முதல் வாரம் என் டிவி பழுது என்றே நினைத்தேன். ஜி4-ல் ட்ரூமோஷன் அமைப்புக்குள் சினிமாட்டிக் மூவ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்ட பிறகு உறுத்தல் அடங்கியது, படமும் டிவி நாடகம் போல வழவழப்பாகவில்லை. இந்த விஷயத்தில் சோனியின் கை இன்னும் தேர்ந்தது, குறைந்த தரத்தில் வரும் பழைய படங்களைச் சுத்தம் செய்து காட்டுவதிலும் அப்படித்தான்.

ஒலிக்குத் தனியாக எதுவும் வாங்கப் போவதில்லை என்றால் சோனி பக்கம் ஒரு மதிப்பெண் கூடப் போடலாம். அதன் திரையே அதிர்ந்து ஒலி எழுப்புகிறது, பேசுபவரின் வாயிலிருந்தே குரல் வருவது போலிருக்கும். சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு இது பொருட்டில்லை. வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகள் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: ஜி4-ல் நான்கு எச்டிஎம்ஐ துளைகளும் 2.1, அதாவது புதிய கேம் கருவிகளுக்கு ஏற்ற வேகமான வகை. சோனியில் இரண்டுதான், அதில் ஒன்றில்தான் சவுண்ட்பாரையும் மாட்டியாக வேண்டும்.

கடையில் பார்ப்பதைப் பற்றி. நான் போன ஒரு கடையில் இரண்டு டிவியும் விவிட் என்ற பயன்முறையில் ஓடிக்கொண்டிருந்தன, முகங்களெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தன. எல்ஜியில், இயக்குநர் எடுத்தபடியே படத்தைக் காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றச் சொன்னேன், சோனியில் சினிமா மோடு வைக்கச் சொன்னேன். விற்பனையாளர் மாட்டேன் என்றே நின்றார், மங்கலாகத் தெரியும் என்றார். முதலில் மஞ்சளாகத்தான் தெரியும், உண்மை. இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும், பிறகு விவிடைப் பார்க்கவே முடியாது. அந்தக் கடையை விட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இதற்கு முன் இருந்ததும் ஓஎல்இடிதான். செய்திச் சேனலின் கீழே ஓடும் பட்டை திரையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மஞ்சள் காட்சி எது வந்தாலும் அடியில் அந்தக் கோடு ஆவி போலத் தெரியும். பார்க்க வந்த மெக்கானிக், ராத்திரி சுவர் ஸ்விட்சை அணைப்பீர்களா என்று கேட்டார். ஆமாம், தினமும் அணைப்போம், மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம். அங்கேதான் தப்பு என்றார். சில மணி நேரம் ஓடிய ஓஎல்இடியை ரிமோட்டில் அணைத்த பிறகு, அது ஸ்டாண்ட்பையில் தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துச் சமன் செய்துகொள்ளும். சுவரில் அணைத்துவிட்டால் அந்த வேலை நடக்கவே நடக்காது. எல்ஜி, சோனி, சாம்சங் மூன்றுக்கும் இது பொருந்தும். இப்போது எங்கள் சுவர் ஸ்விட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன், அணைக்காதே என்று. செய்தி மட்டுமே நாள் முழுக்க ஓடுகிற வீடுகளுக்கு நான் ஓஎல்இடியையே சிபாரிசு செய்ய மாட்டேன், பின்னால் குட்டி விளக்குகள் வைத்த எல்சிடியான மினி எல்இடி போதும்.

அடுத்த முறை இப்படி ஒரு ஒப்பீடு போடும்போது, எந்த அறையில், எவ்வளவு வெளிச்சத்தில், எந்தப் பயன்முறையில் வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம் எடுத்து இரண்டு டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது. சுவர் ஸ்விட்ச் விஷயத்தை அடுத்த ஒப்பீடு வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்