குறையை அன்றே சொல்லப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கான தன்னம்பிக்கைக் கட்டுரைகளைத் தங்கள் நாளிதழின் இணைப்பிதழ்களில் தொடர்ந்து படித்து வருகிறேன். கவலையை விட்டொழியுங்கள் என்ற அறிவுரை நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆயினும், வங்கிக் கிளைகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அலுவலகக் கவலையில் பெரும்பகுதி, சொல்ல வேண்டியதை உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்லாமல் மனத்துக்குள் பூட்டி வைப்பதாலேயே வளர்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

காசாளர் பணியையே எடுத்துக்கொள்வோம். நூறு தாள்கள் கொண்ட 200 ரூபாய்க் கட்டுக்குப் பதிலாக 500 ரூபாய்க் கட்டு ஒன்று கைமாறிப் போனால், அந்த நொடியிலேயே 30,000 ரூபாய் குறைந்துவிடும். மாலையில் கேஷ் டேலி ஆகாதபோது, பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஊழியர் முகம் வாடி, எண்ணிய கட்டுகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பதைப் பல கிளைகளில் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கியாவது சரிக்கட்டிவிடலாம், மேலாளருக்குத் தெரியவே வேண்டாம் என்ற எண்ணம் அந்த நேரத்தில்தான் தலைதூக்கும். அதற்கு இடம் கொடுத்தால், பணம் குறைந்ததைவிட அதை மறைத்ததே பின்னாளில் பெரிய குற்றமாகப் பேசப்படும்.

அவர் உடனே எழுந்து சென்று, "சார், 30,000 ரூபாய் குறைகிறது. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். காலையில் கொடுத்த பெரிய தொகைகளின் சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டும், கேமரா பதிவையும் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் போதும். நடந்தது என்ன, தான் செய்தது என்ன, இனி வேண்டிய உதவி என்ன என்பவை அனைத்தும் அதில் அடங்கிவிடுகின்றன. அழுகையும் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. அன்று மாலையே வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தால் பணம் திரும்பி வர வாய்ப்பு உண்டு. நாட்கள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகும்.

இதில் மேலாளரின் முதல் வாக்கியத்துக்கு இருக்கும் கனத்தைப் பலர் உணர்வதில்லை. "எங்கே கவனம் வைத்திருந்தீர்கள்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பவரிடம் அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள். "உட்காருங்கள், பெரிய தொகை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பார்ப்போம்" என்பவரிடம் கிளையின் எல்லாச் சிக்கல்களும் தாமாகவே வந்து சேரும். கண்டிக்க வேண்டியிருந்தால் மறுநாள் தனியறையில் கண்டிக்கலாமே.

காப்பீட்டுப் பாலிசி விற்பனை, வைப்புத்தொகை இலக்கு என இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் எண்கள் இன்றைய கவலைகளில் மற்றொன்று. முடியாது என்று தெரிந்தும் "முயற்சி செய்கிறேன் சார்" என்று பதில் அனுப்புவது அன்றைய இரவுக்கு மட்டுமே நிம்மதி தரும். கையில் இருக்கும் விண்ணப்பங்கள் எத்தனை, வார இறுதிக்குள் உறுதியாக முடியக்கூடியவை எத்தனை என்று எண்களாலேயே பதில் சொல்வது நல்லது. அப்படிச் சொல்பவரின் வார்த்தைக்கு நாளடைவில் மதிப்பு கூடுகிறது.

எனினும், எல்லாக் கவலையும் பேச்சால் தீர்ந்துவிடாது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரை நாட வேண்டும். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த எண் பல ஊழியர்களுக்குத் தெரியவே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

வங்கி நிர்வாகங்கள் புதியவர்களுக்கு அளிக்கும் அறிமுகப் பயிற்சியில், கள்ள நோட்டைக் கண்டறியக் கற்றுக்கொடுப்பதைப் போலவே, மேலதிகாரியிடம் பாதகமான செய்தியைத் தெரிவிப்பதையும் நடித்துப் பழகும் பயிற்சியாகச் சேர்க்க வேண்டும். அந்த வகுப்பில் கிளை மேலாளர்களையும் கட்டாயம் உட்கார வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் கிளை மேலாளர்,
கும்பகோணம்.