எஃப்எம்மில் உன் குழல்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததை மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு, முதல் இரண்டு பக்கமும் எஃப்எம்காரர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறாயே! குழந்தைக்கு எங்கள் ஆசீர்வாதம். உன் தங்கச்சி இப்போதே தங்கக் காப்பு கணக்கு போட ஆரம்பித்துவிட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மினிபஸ்ஸில் எஃப்எம் போடுகிற பழைய சினிமாப் பாட்டில் நீ வாசித்த குழல் பிட் ஓடுகிறது, அது முடிந்ததும் நகைக்கடை விளம்பரம், வாசித்தவனுக்கு இதில் ஒரு பைசாவாவது உண்டா என்கிறாய். கிடையாது. அன்றைக்குக் கால்ஷீட் காசு வாங்கியதோடு நம் கணக்கு முடிந்தது. ஆனால் நீ கோபப்படுகிற ஆள் சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எஃப்எம் நிலையம் பாட்டைச் சும்மா போடுவதில்லை. சென்னையில் தனியார் எஃப்எம் வந்தது 2003இல். அதற்கு முன்பே வடக்கே இசைக் கம்பெனிகளுக்கும் ரேடியோக்களுக்கும் கட்டணச் சண்டை தொடங்கிவிட்டது. 2010 ஆகஸ்டில் காப்புரிமை (காப்பிரைட்) வாரியம், நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்று தீர்த்தது. நூறு ரூபாய்க்கு விளம்பரம் பிடித்தால், நாள் முழுக்க ஓடும் அத்தனை பாட்டுக்கும் சேர்த்து இரண்டு ரூபாய்! கம்பெனிகள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. 2020 டிசம்பர் 31 அன்று அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அதை மாற்றி, எத்தனை மணி நேரம் பாட்டு ஓடியது என்று பார்த்துக் காசு வைத்தது. எந்த ஊர், எந்த நேரம் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை மாறும்படி வைத்தார்கள்.

இரண்டு சதவீதம் குறைவுதான். அதை இருபது ஆக்கினாலும் உனக்கும் எனக்கும் ஒன்றும் வரப்போவதில்லை. பணம் போவது பாட்டின் ரெக்கார்டிங் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு. தஞ்சாவூர்க்காரனுக்கு விளக்க வேண்டுமா? மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டால் என்ன, நம் வயலுக்கு வாய்க்காலே வெட்டவில்லையே.

இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் தங்களுக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டார்கள். அதற்கு எவ்வளவு காலம் ஆனது பார். 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகப் போட்ட இசைக்குத் தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. 2012இல்தான் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்துகொண்டு அதற்காக நிறையப் பேசினார். ராயல்டியில் பாதியை எழுதியவரும் இசையமைத்தவரும் இனி எந்த ஒப்பந்தத்திலும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. அதற்கப்புறமும் ரேடியோக்கள் அவர்களுக்குத் தனியாகத் தர மறுத்தன. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றது.

அந்த 1977 தீர்ப்பில் நமக்குப் பிடித்த ஒரு விஷயமும் இருக்கிறது. நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். கச்சேரிக்கு மதிப்புத் தருவது பாடுகிறவரும் வாசிக்கிறவரும்தான், அவர்களுக்கு உரிமை இல்லை என்பது இந்த நாட்டுக்கே பொருந்தாத சட்டம் என்ற கருத்தில். தீர்ப்பு அதனால் மாறவில்லை, ஆனாலும் மனிதர் சொல்லி வைத்தார்.

இனி நம் சங்கதி. நிகழ்த்துகிற கலைஞருக்கு உரிமை என்பதே 1994 திருத்தத்தில்தான் வந்தது. அதனால் எண்பதுகளில் நீ வாசித்தவற்றை மறந்துவிடு. 2012 திருத்தம், வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்கிறது. கலைஞர் யார் என்ற பட்டியலில் பாடகர், இசைக்கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி எல்லோரும் இருக்கிறார்கள். பாம்பாட்டிக்கு இடம் கொடுத்தவர்கள் நமக்குக் கீழே ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். சினிமாவில் ஒருவர் பங்கு சின்னதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கேயும், டைட்டிலில்கூட, வராது என்றால் அவர் கலைஞர் கணக்கில் வரமாட்டார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதாதா? நாற்பது வயலினில் நான் ஒருவன், என்னை விடு. ஆனால் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஊரே முணுமுணுக்கிற உன் குழலைச் சின்னப் பங்கு என்று எவன் சொல்லுவான்? ஆனால் டைட்டிலில் உன் பெயர் இல்லை. ரகுமான் கேசட் அட்டையில் வாசித்தவர்கள் பெயரைப் போட்டபோது, நம் ஆட்களே சிலர் ‘பேரை வைத்து அரிசி வாங்க முடியுமா’ என்று கேட்டார்கள். வாங்க முடியும் போலிருக்கிறது.

அமெரிக்காவில் சாதாரண ரேடியோ, பாடினவருக்கே ஒரு காசு தருவதில்லை. பாட்டை எழுதியவருக்கு மட்டும்தான். ஆனால் அங்கேயே இணைய, சாட்டிலைட் ரேடியோப் பணத்தில் கம்பெனிக்குப் பாதி, முக்கியக் கலைஞருக்கு 45, பின்னணியில் வாசித்தவர், பாடியவர்களுக்கென்று 5 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்துதான். ஆனால் சட்டத்திலேயே எழுதி வைத்த ஐந்து.

‘நாங்கள் விளம்பரம் தருகிறோம், பாட்டு பிரபலமாகிறது’ என்று ரேடியோக்காரர்கள் சொல்வதை நீ கிண்டல் பண்ணியிருக்கிறாய். புதுப் பாடகருக்கு அது ஓரளவு உண்மைதான். முப்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டைப் போட்டு யாரைப் பிரபலப்படுத்துகிறார்களோ, தெரியவில்லை.

பாடகர்கள் 2013இல் ஆரம்பித்த சங்கம் இப்போது பெயரிலேயே இசைக்கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு இசாம்ரா ஆகியிருக்கிறது. பாடகர் ராயல்டிக்கு இசைக் கம்பெனிகளோடு ஓர் உடன்பாட்டுக்கும் வந்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் போய்க் கேட்க வேண்டிய கதவு அதுதான், எஃப்எம் நிலையத்தின் வாசல் அல்ல.

எனக்கு இங்கே வேலை குறைந்துவிட்டது. ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் புடாபெஸ்டில் எடுக்கிறார்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டரில். சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கை நடுக்கம் இன்னும் வரவில்லை.

ஒரு வேலை செய். தொண்ணூற்றைந்துக்கு அப்புறம் நீ வாசித்த பாட்டுகளை நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுது. எந்த ரெக்கார்டிங் தியேட்டர், கூட யார் யார், பாட்டில் எந்த இடம் என்றெல்லாம். பழைய சம்பள வவுச்சர் இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து வை. நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் பேத்தியைப் பார்க்க வரும்போது இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். அந்த ‘சோலோ’ நீ வாசித்ததா, நம்ம பெரியவர் வாசித்ததா என்று உனக்கும் எனக்கும் இன்னும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
ராமு