ஹார்லனோடு தூர்ஷேயையும் சொல்லிக்கொடுங்கள்

அமெரிக்க அரசியல் சாசன வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்ற சட்டத்தை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன பிளெஸ்ஸி வழக்கு என்றாலே வகுப்பில் வருவது நீதிபதி ஹார்லனின் மாறுபட்ட தீர்ப்புதான். ‘நம் சாசனம் நிறம் பார்ப்பதில்லை’ என்ற அவருடைய வரி புகழ்பெற்றது. சட்டமாவது நிறம் பார்க்காமல் இருக்கட்டும் என்று அதே நீதிமன்றத்தில் அதற்கு முன்பே எழுதிக் கொடுத்தவர் பிளெஸ்ஸியின் வழக்கறிஞர் ஆல்பியன் தூர்ஷே. அவர் பெயரையும் நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

1838இல் ஒஹாயோவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து முதுகெலும்பில் அடிபட்டார். போர் முடிந்ததும் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் குடியேறினார். 1868இல் அந்த மாநிலத்துக்குப் புதிய சாசனம் எழுதிய மாநாட்டில் உறுப்பினர். அப்புறம் ஆறு ஆண்டுகள் நீதிபதி. கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் கொலை மிரட்டல் விடுத்தும் அவர் பின்வாங்கவில்லை. 1870இல் அவருடைய நண்பரான மாநில செனட்டர் ஜான் ஸ்டீஃபன்ஸை கேஸ்வெல் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக் கொன்றார்கள். அப்படிப்பட்ட ஊர்களில்தான் அவர் நீதிமன்றம் நடத்தினார்.

பிளெஸ்ஸி வழக்கைக் கட்டணம் வாங்காமல் எடுத்துக்கொண்டார். அவருடைய எழுத்து வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்ற 1890 லூசியானா சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது: வேற்று இனக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தூர்ஷே இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் கறுப்புப் பெண் அதே பெட்டியில் உட்காரலாம். அவளே தனக்கென்று டிக்கெட் எடுத்து வந்தால் உட்காரக் கூடாது. அப்படியானால் பிரச்சினை தோலின் நிறமல்ல, அவள் யாருக்கும் கீழ்ப்பட்டவளாக இல்லாததுதான் என்று வாதிட்டார். நாளைக் காலையில் நீங்கள் எல்லோரும் கறுப்புத் தோலோடு கண்விழித்தால் என்ன செய்வீர்கள் என்று நீதிபதிகளையே கேட்டார். இவ்வளவு நேராக அந்த நீதிமன்றத்தைக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1896 மே 18 அன்று ஏழுக்கு ஒன்று என்று தோற்றார். 1905இல் பிரான்ஸின் போர்தோவில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தபோது இறந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வர 1954 ஆயிற்று.

ஹார்லனின் பெருமை குறைய வேண்டியதில்லை. தனியாளாக நின்றவர் அவர். ஆனால் அடுத்த முறை இந்த வழக்கை எடுக்கும்போது, முதலில் அந்த ஆயா பற்றிய பகுதியை மாணவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஹார்லனின் தீர்ப்பை அதற்கு அப்புறம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்